கோடையில் அணையும் பள்ளி அடுப்பு

புது தில்லி: தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவில் நான்கே சொற்களாலான ஒரு விலக்கு இருக்கிறது. அரசுப் பள்ளிகள், உள்ளாட்சி அமைப்புகளின் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள் ஆகியவற்றில் எட்டாம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒருவேளை மதிய உணவு இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்று கூறும் அப்பிரிவு, "பள்ளி விடுமுறை நாள்கள் நீங்கலாக" என்றும் உடன் சேர்த்துக் கொள்கிறது. 2013 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மக்களவையிலும் செப்டம்பர் 2-ஆம் தேதி மாநிலங்களவையிலும் அந்த மசோதா நிறைவேறியபோது, மானியச் சுமை எவ்வளவு, மாநிலங்களின் உரிமை பறிபோகிறதா என்பன குறித்தெல்லாம் அவைகளில் அனல் பறந்தது. இந்த நான்கு சொற்கள் தலைப்புச் செய்தியாகவில்லை.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்ததும் அவை செயலுக்கு வந்துவிடுகின்றன. கர்நாடகத்தில் ஏப்ரல் இரண்டாம் வாரம், உத்தரப் பிரதேசத்தில் மே மூன்றாம் வாரம் என்று மாநிலத்துக்கு மாநிலம் தேதிதான் மாறுகிறது. பள்ளி மூடப்படும் நாளில் அதன் சமையற்கூடமும் பூட்டப்படுகிறது. மீண்டும் அடுப்பு எரிய நாற்பது, ஐம்பது நாள்கள் ஆகும். கிராமப்புறத்தில் அறுவடை முடிந்து, வயலில் வேலையற்று, கிணறுகள் வற்றி, கூலிக்கு வழியில்லாத பருவமும் இதுவேதான்.

விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்ற கருத்து புதியதன்று. அதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஆணையே இருக்கிறது. ஒருமுறைக்கு இருமுறை இருக்கிறது. உணவும் ஆணையும் இருந்தும், "வா, சாப்பிடு" என்ற சேதி உரிய வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை என்பதுதான் கடந்த இருபது ஆண்டுகளின் அனுபவம்.

நீதிமன்றம் திறந்த கதவு

2001-ஆம் ஆண்டில் ராஜஸ்தானில் வறட்சி தலைவிரித்தாடியபோது, இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் நிரம்பி வழிந்து கொண்டிருந்தது. கிடங்கு நிறைந்திருக்க, மக்கள் பட்டினி கிடப்பது எப்படி என்ற கேள்வியுடன் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்) அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. உணவு உரிமை வழக்கு என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த வழக்கில், 2001 நவம்பர் 28-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட இடைக்கால ஆணைதான் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவைக் கட்டாயமாக்கியது. அதற்குமுன், 1995 ஆகஸ்ட் 15-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ்ப் பெரும்பாலான மாநிலங்கள் மாதத்துக்கு மூன்று கிலோ தானியத்தை அளந்து கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதி வந்தன. 1956-இல் காமராஜரின் மதிய உணவுத் திட்டத்தையும், 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டத்தையும் கண்ட தமிழகத்துக்கு அந்த ஆணை புதுமையாகத் தோன்றவில்லை. வட மாநிலங்களுக்கு அது பெரிய உலுக்கல்.

குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 200 நாள்கள் என்பது ஆணையின் அளவுகோல். 200 போக எஞ்சும் 165 நாள்களின் கதி என்ன என்ற கேள்விக்கு அன்று விடை இல்லை. அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட ஆணையில் ஒரு பகுதி விடை கிடைத்தது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரப்பட வேண்டும் என்று கூறியதும் இதே ஆணைதான். அவ்வாண்டே திருத்தப்பட்ட மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலும் வறட்சிப் பகுதிகளுக்கான கோடை உணவு இடம்பெற்றது.

2004 ஏப்ரல் 20 என்ற தேதியை அரசியல் நோக்கர்கள் வேறொன்றுக்காக நினைவில் வைத்திருப்பார்கள். பதினான்காவது மக்களவைக்கான முதல் கட்ட வாக்குப்பதிவு நடைபெற்ற நாள் அது. நாட்டின் பல பகுதிகளில் அன்று பள்ளிக் கட்டடங்கள் வாக்குச்சாவடிகளாகத் திறந்திருந்தன. 2004 முதல் 2024 வரை நடைபெற்ற ஐந்து மக்களவைத் தேர்தல்களும் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே நடந்திருக்கின்றன. கோடையில் பள்ளியைத் திறப்பதும், ஆசிரியரைப் பணிக்கு அழைப்பதும், தண்ணீருக்கும் பந்தலுக்கும் ஏற்பாடு செய்வதும் அரசு இயந்திரத்துக்கு இயலாத காரியமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாக்காளர்களுக்கு வீடு தேடிச் சென்று வாக்குச்சாவடிச் சீட்டுக் கொடுக்கும் நிர்வாகம் இது.

2016: தீர்ப்பு வந்தது, பள்ளி மூடியிருந்தது

இரண்டாவது ஆணை 2016-இல் வந்தது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பருவமழை பொய்த்திருந்தது. 256 மாவட்டங்களில் 33 கோடி மக்கள் வறட்சியால் பாதிக்கப்பட்டுள்ளதாக அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய அரசே நீதிமன்றத்தில் தெரிவித்தது. மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்கு மிரஜ் நகரிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுசெல்லப்பட்டது அந்த ஏப்ரலில்தான். யோகேந்திர யாதவ் உள்ளிட்டோரின் ஸ்வராஜ் அபியான் அமைப்பு தொடுத்த வழக்கில் நீதிபதிகள் மதன் பி. லோக்குர், என்.வி. ரமணா ஆகியோர் மே 11, 13 தேதிகளில் அளித்த தீர்ப்புகள், வறட்சியை ஒப்புக்கொள்ளத் தயங்கிய மாநிலங்களை, ஆபத்தைக் கண்டு மணலில் தலை புதைக்கும் தீக்கோழிக்கு ஒப்பிட்டுக் கண்டித்தன. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறை முழுவதும் மதிய உணவு வழங்க வேண்டும், வாரத்தில் ஐந்து நாள்களோ குறைந்தது மூன்று நாள்களோ முட்டை அல்லது பால் அல்லது அதற்கு ஈடான சத்துணவு தர வேண்டும், நிதி நெருக்கடியைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்பவை அதன் உத்தரவுகள்.

தீர்ப்பின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலம்தான் கைகொடுக்கவில்லை. மே 13-ஆம் தேதிக்குள் தென் மாநிலங்களிலும் மகாராஷ்டிரத்திலும் பள்ளிகள் மூடி வாரக்கணக்காகிவிட்டன. ஆசிரியர்கள் சொந்த ஊர் சென்றுவிட்டார்கள். சமையலர்களுக்குக் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் விடுமுறை தொடங்க ஒரு வாரம் மிச்சம் இருந்தது. அங்கே 75 மாவட்டங்களில் 50 மாவட்டங்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டது அதற்கு முந்தைய நவம்பரில். நவம்பரிலேயே தெரிந்த வறட்சிக்கு மே மாதம்தான் உணவுக்கான கட்டளை பிறக்கிறது என்றால், இடைப்பட்ட ஆறு மாதங்களை யார் கணக்கில் எழுதுவது?

தீர்ப்பு வெளியான ஆறாம் நாள், மே 19-இல், ராஜஸ்தானின் பலோடியில் வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நாட்டில் அதுவரை பதிவானவற்றில் அதுவே உச்சம். வெயிலுக்குப் பயந்துதான் பள்ளியை மூடுகிறார்கள். அதே வெயிலில், நண்பகலில், ஒரு தட்டை ஏந்திக்கொண்டு ஏழு வயதுக் குழந்தை இரண்டு கிலோமீட்டர் நடந்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற ஆட்சேபம் நியாயமானது. காலை எட்டு மணிக்கே சமைத்துப் பரிமாறிவிடுவது இதற்கு எளிய தீர்வு. ஆனால், நேரம் மாறியிருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்லியாக வேண்டுமே!

மேலே போகும் எண்ணிக்கை, கீழே வராத சேதி

விளம்பரம் என்ற அம்சத்தை நீதிமன்றம் மறந்துவிடவில்லை. 2001 நவம்பர் ஆணை, தன்னை மாநில மொழிகளில் மொழிபெயர்த்து ஊராட்சி அலுவலகம், அரசுப் பள்ளி, நியாயவிலைக் கடை ஆகியவற்றில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்று கூறியது. வானொலியும் தூர்தர்ஷனும் திட்டங்களைப் பரப்ப வேண்டும் என்றும் பணித்தது. அன்றைய நாளில் கிராமத்தை எட்ட அவைதாம் வழி.

அதற்குப் பிறகு தகவல் தொழில்நுட்பம் எங்கோ சென்றுவிட்டது. மதிய உணவுத் திட்டமும் அதைப் பயன்படுத்தாமல் இல்லை. உத்தரப் பிரதேசம் 2010-இலேயே ஒரு முறையைக் கொண்டுவந்தது. நாள்தோறும் கணினியிலிருந்து பள்ளி ஆசிரியரின் கைப்பேசிக்கு அழைப்பு வரும். அன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற எண்ணை அழுத்தினால் போதும், கணக்கு லக்னெளவில் ஏறிவிடும். பின்னர் மத்திய அரசும் எல்லா மாநிலங்களிலும் தானியங்கிக் கண்காணிப்பு முறையை ஏற்படுத்தியது. குறுஞ்செய்தி, கைப்பேசிச் செயலி, இணையதளம் என்று வழிகள் பெருகின. தில்லியில் உள்ள கல்வி அமைச்சக அதிகாரி, தொலைதூரப் பள்ளி ஒன்றில் நேற்று எத்தனை தட்டுகள் நிரம்பின என்பதை மேஜையில் அமர்ந்தபடி பார்க்கலாம்.

இந்தக் கம்பியில் தகவல் ஒரே திசையில்தான் ஓடுகிறது. பள்ளியிலிருந்து தலைநகருக்கு எண்ணிக்கை போகிறது. தலைநகரிலிருந்து தாயின் கைப்பேசிக்கு, "நாளை முதல் உங்கள் ஊர்ப் பள்ளியில் காலை எட்டு மணிக்கு உணவு உண்டு, அட்டை எதுவும் தேவையில்லை" என்ற ஒற்றை வரி வருவதில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோரின் கைப்பேசி எண் இருக்கிறது. தேர்வு முடிவையும் உதவித்தொகை விவரத்தையும் அதே எண்ணுக்கு அனுப்பவும் தெரிகிறது. கோடை உணவு என்று வரும்போது, அரசாணை கல்வித் துறையிலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கும், வட்டாரத்திலிருந்து தலைமை ஆசிரியரின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. விடுமுறையில் இருக்கும் தலைமை ஆசிரியர் அதைப் படித்தாரா, படித்தபின் யாரிடம் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

அமெரிக்காவில் பள்ளி விடுமுறைக்கால உணவுத் திட்டம் 1968-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1975-இல் நிரந்தரமானது. செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலும் ஆண்டின் பிற நாள்களில் பள்ளியில் சாப்பிடும் ஏழைப் பிள்ளைகளில் சிறு பகுதியினரே கோடை உணவிடங்களுக்கு வருகிறார்கள் என்பது அங்கே நெடுநாளைய கவலை. அதனால் வேளாண் துறை, அருகிலுள்ள உணவிடத்தைக் காட்டும் இணைய வரைபடத்தை அமைத்தது. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் முகவரி வந்து சேரும். அப்படியும் போதவில்லை என்று கண்டு, 2024 முதல் கோடைக்குக் குழந்தை ஒன்றுக்கு 120 டாலரை மின்னணு அட்டையில் தருகிறார்கள். சேதி சொல்வதையும் திட்டத்தின் ஒரு செலவினமாக அவர்கள் கருதினார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. இங்கே அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் கிராம் கணக்கில் விதி இருக்கிறது. அறிவிப்புப் பலகையைத் தாண்டிச் சேதி சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதற்கு அத்தகைய விதி இல்லை.

இணையம் ஒன்றே மருந்து என்று எண்ணிவிடவும் கூடாது. வறட்சி மாவட்டங்களில் வீட்டில் உள்ள ஒற்றைக் கைப்பேசி பெரும்பாலும் தந்தையின் சட்டைப் பையில் இருக்கும். அவரோ சூரத்திலோ புணேயிலோ தில்லியின் கட்டுமானத் தளத்திலோ இருப்பார். பாட்டியின் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைக்கு அந்தக் குறுஞ்செய்தி எப்படிப் போய்ச் சேரும்? ஊராட்சியின் ஒலிபெருக்கியும் நியாயவிலைக் கடைக்காரரின் வாயும் அங்கன்வாடிப் பணியாளரின் நடையும் இன்றைக்கும் தேவைப்படுகின்றன. விடுமுறை இல்லாமல் ஊரிலேயே இருப்பவர்கள் அவர்கள்தாம்.

கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பும் பிள்ளைகள்

கோடையில் ஊரில் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள், யாருக்குச் சமைப்பது என்று அதிகாரிகள் சிலர் கேட்பதுண்டு. பாட்டி வீட்டுக்குப் போகும் நடுத்தர வர்க்கத்துக் குழந்தையை மனத்தில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி இது.

மராத்வாடாவின் பீட் மாவட்டத்தை எடுத்துக் கொள்ளலாம். தீபாவளியை ஒட்டி அங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் செல்லும் அவர்கள் ஆலைகளின் அரைவைப் பருவம் முடிந்து மார்ச், ஏப்ரலில்தான் ஊர் திரும்புகிறார்கள். பெற்றோருடன் சென்ற பிள்ளை, ஆறு மாதம் தன் ஊர்ப் பள்ளியின் உணவை இழந்திருக்கும். ஊர் திரும்பிய சில வாரங்களில் பள்ளிக்குப் பூட்டு விழுகிறது. ஒடிஸாவின் பலாங்கிர் பகுதியிலும் இதே கதை. அறுவடைக்குப்பின் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் செங்கல் சூளை வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் மழைக்காலம் நெருங்கும்போதுதான் வீடு வந்து சேர்கின்றன. அதாவது, மதிய உணவு யாருக்கு மிகவும் தேவையோ அந்தக் குழந்தை ஊரில் இருக்கும் நாளும், பள்ளி அடுப்பு எரியும் நாளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுப்பதே இல்லை.

வறட்சிக் காலத்தில் பள்ளி உணவு என்ன செய்யும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அபிஜித் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெஃபான் டெர்கான் ஆகியோர் ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு, வறட்சியால் இளம் குழந்தைகளின் வளர்ச்சியில் ஏற்பட்ட பின்னடைவை மதிய உணவு ஈடுசெய்ததாகக் கண்டது. மத்தியப் பிரதேசத்தில் ஃபர்ஜானா அஃப்ரிதி நடத்திய ஆய்வு வேறோர் ஐயத்தைத் தீர்த்தது. பள்ளியில் சாப்பிட்டு வருகிறது என்பதற்காக வீட்டில் அந்தக் குழந்தையின் பங்கைப் பெற்றோர் பெரிதாகக் குறைத்துவிடவில்லை. பள்ளி அளித்தது பெரும்பாலும் கூடுதலாகவே உடலில் சேர்ந்தது. அப்படியெனில் கோடையில் அந்தத் தட்டு எடுக்கப்படும்போது, வீடு அதை நிரப்பிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

கர்நாடகத்தின் 41 நாள்கள்

அண்மைக் காலத்தில் இத்திட்டத்தைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்த முயன்ற மாநிலம் கர்நாடகம். 2023-இல் அம்மாநிலத்தின் 236 வட்டங்களில் 223 வட்டங்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2024 ஏப்ரல் 11 முதல் மே 28 வரையிலான விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமைகள் போக 41 நாள்கள் அந்த வட்டங்களில் உணவு வழங்க முடிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ மாநிலம் முழுவதையும் தழுவிய ஏற்பாடு இது.

காலமோ தேர்தல் காலம். ஏப்ரல் 26, மே 7 என்று இரு கட்டமாக அங்கே வாக்குப்பதிவு. மார்ச் 16 முதலே நடத்தை விதிகள் அமலில் இருந்தன. நடப்பில் உள்ள ஒரு திட்டத்தைத் தொடர்வதற்கு விதி குறுக்கே நிற்பதில்லை என்றாலும், அமைச்சர் படத்துடன் விளம்பரம் செய்து பழகிய துறைக்கு, படமில்லாமல் விளம்பரம் செய்யும் உற்சாகம் எங்கிருந்து வரும்? ஆசிரியர்களோ தேர்தல் பயிற்சிக்கும் வாக்குச்சாவடிக்கும் அலைந்து கொண்டிருந்தார்கள். விடுமுறை என்பது ஆசிரியரின் பணி உரிமை என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. உண்மையில், உணவு பரிமாறுவதற்கு ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. சுயஉதவிக் குழுக்களும் ஊராட்சியும் ஏற்று நடத்தக்கூடிய பணிதான் இது. சாவியை யார் வைத்திருப்பது, தானிய இருப்புக்கு யார் கையெழுத்திடுவது என்ற இரண்டு கேள்விகளில் அந்த யோசனை சிக்கிக்கொள்கிறது.

சமூகத்தின் பங்கு பற்றிப் பேசாத அரசு இல்லை. 2021 செப்டம்பர் 29-ஆம் தேதி மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு "பி.எம். போஷண்" என்று புதுப்பெயர் சூட்டியபோது, குஜராத்தில் தோன்றிய "திதி போஜன்" முறையை நாடெங்கும் ஊக்குவிக்கப் போவதாகக் கூறியது. பிறந்தநாள், திருமணம், முன்னோர் நினைவுநாள் போன்ற தருணங்களில் ஊரார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறப்பு உணவளிப்பது அதன் நடைமுறை. நல்ல ஏற்பாடுதான். ஆனால், பள்ளி நடக்கும் நாளில் ஏற்கெனவே சோறு இருக்கும் தட்டில் கூடுதலாக இனிப்பு வைக்கத்தான் அது பயன்படுகிறது. தட்டே இல்லாத மே மாதத்துக்கு ஊராரை அழைக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

பத்து மாதச் சமையலர்

கோடை அடுப்பைப் பற்றிப் பேசும்போது அதை மூட்டுபவரை விட்டுவிட முடியாது. நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் சமையலர்களும் உதவியாளர்களும் இத்திட்டத்தில் பணிபுரிகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் பலர். 2009-இல் நிர்ணயிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு மட்டும். மாநிலங்கள் தம் பங்காகக் கூடுதல் தொகை தருகின்றன, சில தாராளமாக, சில பெயரளவில். மத்திய அரசின் அடிப்படைத் தொகை பதினைந்து ஆண்டுகள் கடந்தும் உயரவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழு இதைச் சுட்டிக்காட்டியும் பயனில்லை. சத்துணவுப் பணியாளருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்கும் தமிழகத்தின் வாசகருக்கு, ஒரு பெண்மணி நூறு பேருக்குச் சமைத்து நாளொன்றுக்கு நாற்பது ரூபாய்கூடப் பெறுவதில்லை என்பது நம்ப முடியாததாகத் தோன்றலாம்.

பத்து மாதம் என்ற கணக்கிலிருந்து தள்ளப்பட்ட இரண்டு மாதங்கள்தாம் கோடை விடுமுறை. ஆகவே, கோடை உணவு என்பது பிள்ளைகளுக்கு உணவு மட்டுமன்று, அந்தப் பெண்களுக்குப் பதினொன்றாவது, பன்னிரண்டாவது மாத வருமானமும்கூட. வறட்சிக்கால உத்தரவில் தானியமும் சமையல் செலவும் குறிப்பிடப்பட்டு, மதிப்பூதியம் தெளிவாகச் சொல்லப்படாவிட்டால், சமைக்க வரும்படி அவரை எந்த முகத்துடன் அழைப்பது?

பணம் ஒரு தடையா?

நிதி இல்லை என்ற பதிலை நீதிமன்றம் முன்கூட்டியே அடைத்துவிட்டது. கணக்குப் பார்த்தாலும் அது நிற்காது. 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் ஆகியவற்றுக்காகத் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ரூ. 6.78-உம், உயர் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு ரூ. 10.17-உம் ஒதுக்கப்பட்டன. நாற்பது நாளுக்குப் பெருக்கினால் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ரூ. 271.20. தானியமும் கூலியும் தனி.

நாடு முழுவதற்கும் கோடை உணவு கொடுத்த முன்னுதாரணம் ஒன்றும் இருக்கிறது. அது வறட்சியால் வந்ததன்று. 2020 மார்ச்சில் கரோனா தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மதிய உணவு நின்றுபோனதை உச்ச நீதிமன்றம் மார்ச் 18-ஆம் தேதி தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 28-ஆம் தேதி அன்றைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் ரமேஷ் போக்ரியால், அவ்வாண்டு கோடை விடுமுறையிலும் மதிய உணவோ அதற்கு ஈடான தானியமும் தொகையுமோ வழங்கப்படும் என்றும், அதற்குக் கூடுதலாகச் சுமார் 1,600 கோடி ரூபாய் செலவாகும் என்றும் அறிவித்தார். "விடுமுறை நாள்கள் நீங்கலாக" என்ற சட்ட வாசகம் அந்த ஓராண்டில் யாரையும் தடுக்கவில்லை. மறு ஆண்டு 11.8 கோடி மாணவர்களுக்கு 1,200 கோடி ரூபாய் நேரடியாக வழங்கப்படும் என்றார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்கு நூறு ரூபாய் சொச்சம். சமைத்த உணவுக்கு ரொக்கம் ஈடாகுமா என்ற விவாதம் அப்போதே எழுந்து, அப்போதே அடங்கியது.

இத்துடன் நிதிநிலை அறிக்கையின் ஒரு வரியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2024-25-ஆம் நிதியாண்டில் பி.எம். போஷண் திட்டத்துக்கு முதலில் ஒதுக்கப்பட்டது 12,467 கோடி ரூபாய். திருத்திய மதிப்பீட்டில் அது 10,000 கோடியாகச் சுருங்கியது. குறைக்கப்பட்ட 2,467 கோடி ரூபாய், 2020-இல் நாடு முழுவதற்கும் கோடை உணவுக்கு ஆகும் என்று அமைச்சர் சொன்ன தொகையைவிட அதிகம். விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டாலும், நாட்டின் வறட்சிப் பகுதிகளுக்கேனும் அது தாராளமாகப் போதும்.

வறட்சி என்ற சொல்

கடைசியில் பிரச்னை வந்து நிற்பது "வறட்சி" என்ற சொல்லில். கோடையில் உணவு வேண்டுமெனில் மாநில அரசு முதலில் வறட்சியை அறிவிக்க வேண்டும். அறிவித்தால் நிவாரணம் தர வேண்டும், கடன் வசூலை நிறுத்த வேண்டும், எதிர்க்கட்சியின் வாய்க்கு அவல் போட்டதாகவும் ஆகிவிடும் என்ற தயக்கம் எல்லாக் கட்சி அரசுகளுக்கும் உண்டு. அறிவிக்காவிட்டால் பிள்ளைகளுக்கு உணவில்லை. மழை ஓரளவு பெய்தும் நிலமற்றோர் பட்டினி கிடக்கும் பழங்குடி வட்டாரங்களுக்கும், தில்லி யமுனைக் கரையின் குடிசைப் பகுதிகளுக்கும் இந்தச் சொல் எக்காலத்திலும் பொருந்தப் போவதில்லை. உணவு உரிமை வழக்கே 2017-இல் முடித்து வைக்கப்பட்டுவிட்டதால், ஆண்டுதோறும் நீதிமன்றம் நினைவூட்டும் என்ற நிலையும் இல்லை.

மத்திய வேளாண் அமைச்சகத்தின் 2016 டிசம்பர் வறட்சி மேலாண்மைக் கையேடு, காரிஃப் பருவ வறட்சியை அக்டோபர் 30-க்குள்ளும் ராபி பருவ வறட்சியை மார்ச் 31-க்குள்ளும் அறிவித்துவிட வேண்டும் என்று காலவரம்பு விதித்தது. அக்டோபரில் அறிவிக்கப்படும் வறட்சிக்கும் ஏப்ரல் விடுமுறைக்கும் இடையில் முழுதாக ஐந்து மாதங்கள் இருக்கின்றன. தானியத்தை முன்கூட்டி நகர்த்தவும், சமையலருக்கு இரண்டு மாத மதிப்பூதியத்தை ஒதுக்கவும், ஆண்டிறுதித் தேர்வு நடக்கும்போதே வகுப்பறையில் பிள்ளைகளிடம் தேதியையும் நேரத்தையும் சொல்லி அனுப்பவும் அது போதிய அவகாசம். தேர்வின் கடைசி நாளில் பிள்ளைகள் அனைவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். அதற்குமேல் அவர்களைத் தேடித்தான் போக வேண்டும்.

மாநிலங்கள் அனுப்பும் ஆண்டுத் திட்டங்களை மத்திய கல்வி அமைச்சகத்தின் திட்ட ஒப்புதல் வாரியம் ஆராய்ந்து, எத்தனை நாள் உணவு என்பதை முடிவு செய்கிறது. வறட்சிப் பகுதிகளுக்கான கோடை நாள்களைக் கேட்டுப் பெறுவதற்கு அந்த விண்ணப்பத்தில் இடம் உண்டு. கேட்காத மாநிலத்துக்கு அது தரப்படுவதில்லை.